புகையில்லாத நிலக்கரி

1. ஒரு மூட்டைக் கரிக்குப் பாயசம்

கரிச் சுரங்க ஊரான ஜரியாவிலிருந்து நான் திரும்பி வந்த அன்று பவானிபூர் மெஸ்ஸில் பாயசம் வைத்திருந்தார்கள். யாருக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை, யாருக்கும் புரமோஷன் வரவில்லை. ஒரு மூட்டை நிலக்கரிக்காக வைத்த பாயசம் அது.

சுதேசிப் பேச்சு கல்கத்தா முழுக்கச் சூடாக இருந்த காலம். சணல் ஆலை, ரயில், கப்பல் எல்லாம் கரியைத் தின்றுகொண்டிருந்தன. கிளைவ் தெருவில் வெற்றிலைக் கடைக்காரன்கூட ஏதோ ஒரு சுரங்கத்தில் பங்கு வைத்திருந்தான். நான் அதே தெருவில் ஒரு மேனேஜிங் ஏஜென்சி கம்பெனியின் லேபரட்டரியில் வேலை பார்த்தேன். சுரங்கம் சுரங்கமாகப் போய் சாம்பிள் எடுத்து வருவதும், அதைச் சுட்டுப் பார்த்து எவ்வளவு சாம்பல், எவ்வளவு வாயு என்று எழுதிக் கொடுப்பதும் என் உத்தியோகம். ஊரில் யாராவது விசாரித்தால் என் அப்பா, “பையன் கல்கத்தாவுல கரி எரிக்கிறான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாராம்.

மெஸ்ஸை நடத்தியவர் மீனாட்சியக்கா. மாயவரத்துக்காரர். கணவரோடு கல்கத்தா வந்தவர், அவர் காலமான பிறகும் ஊருக்குத் திரும்பாமல், ஆபீஸ் தமிழர்களுக்குச் சமைத்துப் போட்டே காலூன்றிவிட்டார். அது வாடகை வீடு. வீட்டுக்காரர் காசியில் போய் இருந்துவிடப் போவதாகவும், துர்கா பூஜை கழிந்ததும் வீட்டை விற்கப் போவதாகவும் சொல்லிவிட்டார். அக்காவே வாங்கிக்கொண்டால் முதலில் அட்வான்ஸ், மீதியைத் தவணையில் தரலாம் என்று இரக்கமும் காட்டினார். அக்காவிடம் இருந்த சேமிப்பு அட்வான்ஸுக்குச் சரியாக வரும். பிறகு தவணைக்கு எங்கே போவது? மெஸ் வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. சேமிப்பையும், பெட்டியில் கிடந்த தன் பழைய கெட்டி வளையல்களையும் எதிலாவது போட்டுப் பெருக்கிவிட்டால் வீட்டையே முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் கரி மூட்டை வந்து இறங்கியது.

கொண்டு வந்தவர் ஹரிபத பாபு. பெஹாலாவில் தோட்டமும் குளமும் உள்ள மனிதர். எங்கள் மெஸ்ஸில் தங்கியிருந்த நடேசன் அண்ணனோடு ஒரே ஆபீஸில் இருந்தவர். சுதேசித் தொழில் செய்கிறேன் என்று வேலையை உதறியவர். ஜரியா பக்கத்து ஜமீன்தார் ஒருவரிடம் கரி நிலம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். பூஜைக்குள் சலாமி கட்ட வேண்டும். குத்தகைப் பத்திரம் எழுதித் தர ஜமீன்தார் முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் தொகைக்குத்தான் சலாமி என்று பெயர். அதற்குக் கூட்டாளிகள் தேடினார். ஹரிபத பாபு மோசக்காரர் அல்ல, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் பெஹாலாத் தோட்டத்தை அடகு வைக்க அவரே ஓடியாடிக்கொண்டிருந்தார். மோசக்காரனாக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“அடுப்பைப் பாரு தம்பி. ஒரு இழை புகை இருக்கா? சொல்லு, இருக்கா?”

உண்மையிலேயே இல்லை. வாளி அடுப்பில் கரி சிவப்பாகக் கனன்றது. சுவர்கூட அன்று சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரியாது. விறகிலும் வறட்டியிலும் சமைத்துப் பழகிய தஞ்சாவூர்க் கைகள் இங்கே வந்து முதலில் தோற்றுப்போனது கரிப்புகையிடம்தான். ரசத்தில் கரி வாசம், காயப்போட்ட வேட்டியில் கரிப்பொடி, இருமல், கண்ணெரிச்சல். ஊருக்கு எழுதும் கடிதத்தில் எல்லாரும் புலம்புவது இதைத்தான். ஆகவே ஹரிபத பாபு தன் நிலத்துக் கரியை ஒரு மூட்டை கொண்டு வந்து போட்டபோது, மெஸ்ஸில் யாரும் கெமிஸ்ட்ரி கேட்கவில்லை. சமைத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மனதாக முடிவெடுத்துவிட்டார்கள்.

“ரசத்துல கரி வாசமே இல்லைய்யா சபாபதி. இதைவிட உனக்கு என்ன டெஸ்ட் வேணும்?” என்று பந்தியில் நடேசன் அண்ணன் கேட்டார். ஹரிபத பாபு பக்கத்து இலையில் உட்கார்ந்து, “ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் கொய்லா, சபாபதி பாபு!” என்று பாயசத்தை உறிஞ்சினார்.

நான் அக்காவைக் கேட்டேன். “பத்த வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு அக்கா?”

“அது கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. விடியக்காலையில வறட்டி, சிராய் எல்லாம் போட்டு, விசிறி விசிறி என் தோள்பட்டையே போச்சு. புடிச்சப்புறம் பாரேன், என்னமா கணகணங்குது!”

தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு வேளைச் சமையலுக்குச் சாம்பல் கூடை நிறைந்து வழிந்திருந்தது. பாயசம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதற்கு மேல் இறங்கவில்லை.

2. உப்பாத பணியாரம்

மறுநாள் அந்தக் கரியில் ஒரு கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து லேபரட்டரிக்கு எடுத்துப் போனேன்.

செய்முறை எளிதுதான். கரியைத் தூளாக்கி, மூடி போட்ட சின்னக் குரூசிபிளில் காற்றுப் படாமல் சுட வேண்டும். நல்ல கரியானால் உள்ளிருக்கும் வாயு கிளம்பி மூடியோரத்தில் மஞ்சள் சுடராக நின்று எரியும். அடங்கிய பிறகு திறந்தால் தூளெல்லாம் ஒட்டிக்கொண்டு குழிப்பணியாரம் போல உப்பியிருக்கும். அக்காவின் கரியில் சுடரே எழவில்லை. மூடியைத் திறந்தேன். நான் போட்ட தூள், போட்டது போட்டபடி கிடந்தது. பிறகு இன்னொரு பங்கை முழுக்க எரித்து எடை பார்த்தேன். சாம்பல் தாராளமாக மிஞ்சியது.

என் மேலதிகாரி கிரே துரை, ஸ்காட்லாண்டுக்காரர். சுருட்டை எடுக்காமலே பேசுவார். கட்டியை விரலால் ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, “ஜாமா” என்றார்.

ஜாமா என்பது சுரங்கத்து வங்காளிச் சொல், வெந்துபோன கரி. பூமிக்கடியில் உருகிய பாறை, கரிப்படுகையைக் கிழித்துக்கொண்டு மேலேறும்போது அக்கம்பக்கத்துக் கரியை அந்த இடத்திலேயே சுட்டுவிடுகிறது. வாயு முழுக்க அப்போதே போய்விடும். அக்காவின் அடுப்பில் புகை வராததற்குக் காரணம் அதுதான். அந்தக் கரி விட வேண்டிய புகையையெல்லாம் மனிதன் அடுப்பு கட்டுவதற்கு வெகு காலம் முன்னாலேயே விட்டுத் தீர்த்துவிட்டது.

“யாருடைய நிலம்?” என்று கேட்டார் துரை. மெஸ் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. எந்தக் கரியைக் காட்டினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே கேட்டார். “இதை யார் வாங்குவார், சபாபதி?”

யோசித்துப் பார்த்தேன். ரயில் இஞ்சினுக்கும் ஆலை பாய்லருக்கும் நீளமான சுடர் வேண்டும். கப்பல்காரன் சாம்பலுக்கு இடம் கொடுக்க மாட்டான். இரும்பு உலைக்கு ஒட்டிக்கொள்கிற கரி வேண்டும். ஜாமா இவர்களில் ஒருவருக்கும் ஆகாது. பற்ற வைக்க அவ்வளவு பாடுபடுத்தி, கூடை கூடையாகச் சாம்பல் தள்ளும் கரியை வீட்டு அடுப்புக்காரர்களும் மறுபடி வாங்க மாட்டார்கள். வண்டிக் கூலியையும் நாமே கொடுத்தால் செங்கல் சூளைக்காரன் வேண்டுமானால் இறக்கிக்கொள்வான்.

சுரங்கப் பங்கு வாங்க நினைக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மண்ணுக்குள் பொருள் இருக்கிறதா என்பது முதல் கேள்விதான். இருப்பதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் யார், அவருக்கு எந்த மாதிரி வேண்டும் என்று பார்க்காதவரை அது நிலக்கரி அல்ல, வெறும் கறுப்புக் கல்.

3. நடேசன் அண்ணனுக்கு வந்த கோபம்

அன்று மாலை மெஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். சமையலறை வாசலில் அக்கா நின்றார். ஹரிபத பாபுவும் வந்திருந்தார்.

நடேசன் அண்ணன் எழுந்தே விட்டார். “வெள்ளைக்காரன் லேபரட்டரில வெள்ளைக்காரனுக்குத் தோதாத்தான் ரிசல்ட் வரும். நம்ம ஆளுங்க சொந்தமா ஒரு சுரங்கம் வெட்டினா உங்க துரைக்கு வயிறு எரியுமா, எரியாதா?”

“துரைக்கு எரியுதோ என்னவோ அண்ணே, இந்தக் கரி எரியாது.”

“எரிஞ்சுதேய்யா! நீயுந்தானே சாப்பிட்ட!”

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.  ஹரிபத பாபுவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கடைசியில் என்னிடம் இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து மெதுவாகக் கேட்டார்.

“சபாபதி பாபு, நிலம் பெரிசு. நான் கொண்டு வந்தது ஒரே ஒரு குழியில எடுத்த கரி. அந்த ஒரு கல்லைப் பார்த்து முழு நிலமும் மோசம்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்வி. ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு நிலம் நல்லது என்று அவர்கள் சொன்னது தப்பென்றால், அதே மூட்டையை வைத்துக்கொண்டு நிலம் கெட்டது என்று நான் சொல்வதும் தப்புதான். லேபரட்டரிக்காரர்களுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு; கல் மேஜைக்கு வந்துவிட்டால் மலையே வந்துவிட்ட மாதிரி பேசுவோம்.

“நான் நிலத்தைப் பார்க்கணும்” என்றேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “போயிட்டு வா தம்பி. நீ வந்து சொல்ற வரைக்கும் என் வளையல் பெட்டிய விட்டு வெளிய வராது. நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. அக்கா பாவமேன்னு எதையாவது மென்னு முழுங்கின, அப்புறம் உனக்கு இங்க சோறு கிடையாது.”

அந்த மிரட்டலில் எனக்குக் கொஞ்சம் தெம்பும் வந்தது, நிறையப் பயமும் வந்தது. எரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் கம்பெனி வேலை அல்ல இது. இங்கே என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் ஒருவரின் வீடு நின்றுகொண்டிருந்தது.

கிரே துரையிடம் லீவு கேட்டேன். கம்பெனிக்கு அந்த நிலத்தில் நாட்டமில்லை என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தார். “சுத்தியலை எடுத்துப் போ. பார்க்க அழகாக இருக்கும் கல்லை முதலில் தூக்கிப் போடு” என்று புத்தியும் சொன்னார்.

4. மின்னும் மண்

நானும் ஹரிபத பாபுவும் ஹௌராவில் ரயிலேறி, தன்பாதில் இறங்கி, மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். மழை ஓய்கிற சமயம். வண்டி எங்களை இழுத்தது பாதி, சேற்றில் நாங்கள் வண்டியைத் தள்ளியது பாதி என்றுதான் பயணம். வழியெல்லாம் ரயில் தண்டவாளம் எவ்வளவு தூரத்தில் தங்கிவிட்டது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஹரிபத பாபு நான் ஊர் ஞாபகத்தில் இருப்பதாக நினைத்து ஆறுதல் சொன்னார்.

நிலத்தின் மேற்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குழி. யாரோ முன்னாலேயே வெட்டிவிட்டுக் கைவிட்டுப் போனது.

“முன்ன வெட்டினவர் ஏன் விட்டுட்டுப் போனார்?” என்று கேட்டேன்.

“பாவம், உடம்புக்கு முடியலையாம்.”

கைவிட்ட குழி எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றின் சொந்தக்காரருக்கும் உடம்புக்கு முடியாமல்தான் போயிருக்கிறது. இளைஞர்கள் இந்தப் பதிலைக் கேட்டால் அங்கேயே ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

குழிக்குள் இறங்கினேன். கரி சின்னச் சின்னத் தூண்களை அடுக்கி வைத்த மாதிரி பிளந்திருந்தது. வெந்த கரி அப்படித்தான் பிளக்கும். குழியின் ஒரு சுவரில் மஞ்சளும் பழுப்புமாக மெத்தென்ற மண். வெயில் பட்டதும் அது மினுமினுவென்று மின்னியது. ஹரிபத பாபு ஒரு கை மண்ணை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இதைப் பார்க்கலியே நீங்க! அப்ரக்! கரியோட அப்ரக்கும் கிடைக்குது. ரெட்டை வருமானம், பாபு!”

அப்ரக் என்றால் மைக்கா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை. கரியைச் சுட்ட குற்றவாளி அந்த மண்தான். மேலேறி வந்த பாறை, மைக்கா கலந்தது, மழையில் மக்கி மண்ணாகியிருந்தது. மைக்கா வியாபாரி கேட்பது கையகலத் தகடு. இது வெறும் பொடி.

சொன்னேன். அவர் குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “தோட்டத்தை அடகு வைக்கப் பத்திரம் எழுதியாச்சு பாபு. கையெழுத்துதான் பாக்கி” என்றார்.

“கையெழுத்து போடலையே. எழுந்திருங்க, நடப்போம்.”

அந்த மஞ்சள் மண் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தேன். வரப்பை வெட்டிய இடம், கிணற்றுப் பக்கம், எலி வளை தோண்டிய மண் என்று எங்கே மண் புரண்டிருந்ததோ அங்கெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே போனோம். மினுமினுப்பு ஒரு கோடாகக் குறுக்கே ஓடியது. நிலத்தின் பாதி வரை எங்களோடு வந்தது. பிறகு வடக்கே சாய்ந்து, எல்லைக் கல்லைத் தாண்டி, அடுத்த கிராமத்துக்குள் போய்விட்டது.  கோடு கிழக்குப் பாதியைத் தொடவே இல்லை.

கிழக்கு எல்லையில் ஓர் ஓடை. ஓடைக் கரையில் கறுப்பாகச் சேறு போல ஒரு பட்டை தெரிந்தது. கையில் எடுத்தால் மாவாகப் பிசுபிசுத்தது.

“இது வெறும் சேறு” என்றார் ஹரிபத பாபு, முகத்தைச் சுளித்துக்கொண்டு. “அந்தக் குழியில கரி கண்ணாடி மாதிரி இருந்தது.”

“அது வெந்தது, அதனால கெட்டியா இருக்கு. இது வெயிலும் மழையும் பட்ட கரியோட மேல்தோல். உள்ள என்ன இருக்குன்னு வெட்டித்தான் பாக்கணும்.”

5. கல்லும் சேர்த்துத்தான்

பக்கத்து ஊர் சந்தால் பழங்குடி ஆட்களை அமர்த்தி, ஓடைக்குச் சற்றுத் தள்ளிக் குழி வெட்டினோம். அந்தச் சில நாட்களும் ஹரிபத பாபு மரத்தடியில் உட்கார்ந்து காளி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், வாய்க்குள். மேல்தோல் தாண்டியது. அதன் கீழே கரி மங்கலாக வந்தது. பிறகு ஒரு நாள் கூடையில் வந்த கட்டியை உடைத்தபோது, பளபளப்பும் மங்கலும் மாறி மாறிக் கோடு போட்டிருந்தது. வேகாத கரி.

கத்தத் தோன்றியது. ஆனால் அழகான கல்லைப் பார்த்துக் கத்துவதற்காக நான் அவ்வளவு தூரம் வரவில்லை. குழியின் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்து, மேல் பாறையிலிருந்து கீழ்ப் பாறை வரை ஒரே அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டச் சொன்னேன். வெட்டியது எல்லாம் தார்ப்பாயில் விழ வேண்டும். கரிக்கு நடுவே விரல் கனத்துக்குச் சாம்பல் நிறக் கல் ஓரிரு இடத்தில் ஓடியது. அதுவும் தார்ப்பாயில் விழுந்தது. ஹரிபத பாபு பாய்ந்து வந்து கல்லை எடுத்து வெளியே வீசினார். நான் போய் எடுத்து வந்து மறுபடி போட்டேன். அவர் வீசினார். நான் போட்டேன். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“அந்தக் கல்லை எதுக்குப் போடறீங்க பாபு? சாம்பல் ஏறாதா?”

“ஏறும். நாளைக்கு நீங்க வேகன்ல அனுப்பறப்போ அந்தக் கல்லும் சேர்ந்துதான் போகும். வாங்கறவன் வேகனைத்தான் டெஸ்ட் பண்ணுவான், நீங்க பொறுக்கி வச்ச கட்டியை இல்ல.”

 கையிலிருந்த கல்லை அவர் தானே தார்ப்பாயில் போட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

எல்லாவற்றையும் உடைத்து, கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பகிர்ந்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி உடைத்து, மறுபடி பகிர்ந்து, கடைசியில் ஒரு பை சாம்பிள் ஆனது. குழியை விட்டு ஏறும்போது என் முழங்கால் வரை தண்ணீர் ஊறியிருந்தது. ஓடை பக்கத்தில் இருந்தால் அப்படித்தான். பம்ப் இல்லாமல் இங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது என்பதையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

லேபரட்டரியில் குரூசிபிளைச் சுட்டபோது மூடியோரத்தில் மஞ்சள் சுடர் எழுந்து நின்றது. திறந்தால் பணியாரம். கிரே துரை எட்டிப் பார்த்து, “இதற்கு ஆள் கிடைப்பான்” என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

6. அதே அடுப்பு

மெஸ்ஸில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மேற்குப் பாதி ஜாமா, அதைத் தொட வேண்டாம். கிழக்குப் பாதியில் நல்ல கரி, ஆள் குனியாமல் நின்று வெட்டுகிற கனம். ஆனால் தண்ணீர் இருக்கிறது, பம்ப் வேண்டும். ரயில் பாதையிலிருந்து சைடிங் என்கிற கிளைத் தண்டவாளம் இழுக்காமல் மாட்டு வண்டியில் கரியை ஏற்றினால் லாபத்தை மாடு தின்றுவிடும். ஆகவே கிழக்குப் பாதிக்கு மட்டும் குத்தகை கேளுங்கள், சலாமியும் பாதியாகும். சைடிங் அனுமதி உறுதியான பிறகே முழு வேலையும் தொடங்குங்கள்.

“ஜமீன்தார் ஒத்துக்கொள்வாரா?” என்று ஹரிபத பாபு கவலைப்பட்டார். பாதியாவது போகிறதே என்று அந்த மனிதர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டது பிற்பாடு நடந்தது.

நடேசன் அண்ணன் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். “அதெல்லாம் சரி. நம்ம அடுப்புல போட்டுக் காட்டு. முந்தின கரிக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?”

மீதி இருந்த கரியை மூட்டையாகக் கொண்டு வந்திருந்தேன். அக்கா வாளி அடுப்பில் அடுக்கினார். ஒரு சிராய்க்கே பற்றிக்கொண்டது. அவ்வளவுதான், கொழுத்த கறுப்புப் புகை சுருள் சுருளாகக் கிளம்பி, புதுச் சுண்ணாம்புச் சுவரில் ஏறி, கூடத்துக்கு வந்து, பந்தி போட்ட இலைகளின் மேல் இறங்கியது. நடேசன் அண்ணன் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். ஹரிபத பாபு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் மதில் மேல் எட்டி, “கீ ஹோலோ தீதி? ஆகுன் லாக்லோ நாகி?” என்று, வீடு பற்றிக்கொண்டதோ என்று பதறிக் கத்தினார்.

புகைக்குள்ளிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

“தம்பி, உண்மையச் சொல்லு. இதுவா நல்ல கரி?”

“நல்ல கரி அக்கா. இந்தப் புகையில போற வாயுதான் பாய்லருக்குள்ள சுடரா எரியும். ரயில்காரன் காசு குடுக்கறது இதுக்குத்தான்.”

“அப்ப நான் பாயசம் வச்சேனே, அது?”

“சமைக்கறதுக்கு நல்லது. விக்கறதுக்கு ஆகாது.”

 அக்காவுக்கு இருமலும் சிரிப்புமாகச் சேர்ந்து வந்தது. “அட ஆண்டவனே! நான் கரியைப் பாத்தேன்னுல்ல நெனச்சேன். என் கண்ணெரிச்சலைத்தான் பாத்திருக்கேன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நானும் சிரித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான். எல்லாம் புகையால் வந்தது என்று சொன்னால் அது பொய்.

நிலமும் பாதி, சலாமியும் பாதி என்று ஆனதால் அக்கா தன் கையிருப்பு முழுவதையும் போட வேண்டியிருக்கவில்லை. வளையல்கள் சுரங்கத்துக்குப் போயின. சேமிப்பு வீட்டுக்காரரிடம் அட்வான்ஸாகப் போனது. ஹரிபத பாபுவும் தோட்டத்தை முழுக்க அடகு வைக்காமல் சமாளித்தார்.

7. மோர் குடித்துவிட்டுப் போங்கள்

தங்கம் கொட்டியது என்று கதை விட மாட்டேன். சைடிங் சொன்ன காலத்துக்கு வரவில்லை; எந்த சைடிங்கும் வராது. முதல் மழையில் பம்ப் மக்கர் செய்தது. வேகன் கிடைக்காமல் கரி குவிந்து கிடந்த மாதங்கள் உண்டு. ஆனாலும் கரி நாங்கள் சொன்ன கரியாகவே இருந்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பவில்லை. கூட்டாளிகளுக்குச் சிறுகச் சிறுக வந்தது. அந்தச் சிறுகச் சிறுகவில்தான் அக்கா ஒவ்வொரு தவணையாகக் கட்டி, வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினார். அன்றும் பாயசம் வைத்தார். இந்த முறை நான் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

சுரங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரே துரையிடமும் அந்தத் தார்ப்பாயிலும் கற்றதுதான். கையில் கொடுக்கும் கல்லை நம்பாதே, சுவரில் பள்ளம் வெட்டி எடுத்ததை நம்பு. நமக்கு எது வசதியோ அதைப் பொருளின் குணம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு பக்கம் கெட்டிருந்தால் மறுபக்கம் நடந்து போய்ப் பார்க்கச் சோம்பாதே. முழுசாக வேண்டாம் என்பதற்கும் முழுசாக வேண்டும் என்பதற்கும் நடுவில், பாதி போதும் என்று ஒரு விடை உண்டு. என் அனுபவத்தில் நல்ல சுரங்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடைத்தது.

சில வருஷம் கழித்து, கோட்டுப் போட்ட ஒருவர் மெஸ்ஸுக்கு வந்தார். சோட்டா நாக்பூரில் தங்கப் பாறை என்று, பட்டுத் துணியில் சுற்றிய வெள்ளைக் கல்லை அவிழ்த்து அக்காவிடம் காட்டினார். கல்லில் மஞ்சள் புள்ளிகள் ஜொலித்தன. நான் அப்போது கூடத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கலாமா என்று பார்ப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

“கல்லு இருக்கட்டும். முன்ன யாராச்சும் அங்க வெட்டினாங்களா? வெட்டினவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?”

“அது வந்தும்மா, அவருக்கு உடம்புக்கு...”

“சரி. சுவத்துல மேலேருந்து கீழ வரைக்கும் வெட்டி எடுத்தீங்களா, மின்னறதை மட்டும் பொறுக்கினீங்களா? ரயிலு எவ்வளவு தூரம்? மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?”

வந்தவர் கல்லை மெதுவாகப் பட்டுத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே, பேச்சை மாற்றுகிற மாதிரி சமையலறைப் பக்கம் பார்த்தார். அடுப்பில், புகை போகச் சுட்டுக் கடையில் விற்கிற கரி கனன்றது. ஒரு இழை புகை இல்லை.

“உங்களுக்குச் சொந்தமாவே சுரங்கம் இருக்குன்னாங்களே. வீட்டுக்குக் கரிய கடையிலயா வாங்கறீங்க?” என்று கேட்டார்.

“அது விக்கற கரி. இது சமைக்கற கரி” என்றார் அக்கா. “ரெண்டையும் ஒரு தடவை குழப்பிக்கிட்டுப் பாயசமே வச்சாச்சு. நீங்க உக்காருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க.”